‘புரூக்ளின்’ முடித்தாயிற்று, அடுத்து எது? அமெரிக்கா போன ஐரிஷ் பெண்கள் நாவல்கள்

மொட்டைமாடி:
வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழு பேர். கொலம் டோபீனின் ‘புரூக்ளின்’ முடித்துவிட்டோம். அதே தடத்தில், அயர்லாந்திலிருந்து தனியாகக் கப்பலேறி அமெரிக்காவில் பிழைப்பு தேடிய பெண்களைப் பற்றி, இன்னும் மூன்று நாவலை எட்டு வாரத்தில் படிக்க உத்தேசம். தேடிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை: முதுகைக் காட்டி நிற்கும் பெண், கையில் பெட்டி, தூரத்தில் சுதந்திர தேவி சிலை. எது தேறும், எது தேறாது? வரலாற்றில் ஆசிரியர் சறுக்கியிருக்கிறாரா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? “மனதைத் தொடும் காவியம்” ரகப் பரிந்துரை வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்கள்.

கப்பல்கூலி:
காலத்தை வைத்துப் பிரித்தால் தேர்வு சுலபம். நாலு காலம், நாலு வாசல்.

முதலாவது பஞ்சக் காலம், 1845 முதல் 1852 வரை. உருளைக்கிழங்கில் நோய் விழுந்து சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத கூட்டம் நாட்டை விட்டே போனது. பெரும்பாலும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நியூயார்க்கில் அப்போது குடியேறிகளுக்கென்று தனி நிலையமே கிடையாது. கப்பல் துறையில் இறங்கி, தரகன் கையில் சிக்காமல் தப்பித்தால் உண்டு. இந்தக் காலத்துக்கு ஜோசப் ஓ’கானரின் ‘ஸ்டார் ஆஃப் தி ஸீ’ (2002). 1847ல் நடக்கிற ஒரே ஒரு கடற்பயணம். கேப்டனின் நாட்குறிப்பில் அன்றன்று செத்தவர் கணக்கு வந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மேரி டுவேன்தான் அந்தக் கப்பலில் எல்லாரையும் பிணைக்கும் கயிறு.

இரண்டாவது 1855 முதல் 1890 வரை. மன்ஹாட்டன் தென்முனையில் காஸில் கார்டன் நிலையம் இருந்த காலம். பஞ்சத்துக்குப் பிறகு அயர்லாந்தில் நிலத்தைத் துண்டு போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு மகனுக்கு நிலம், ஒரு மகளுக்குச் சீதனம், மீதிப் பிள்ளைகளுக்குக் கப்பல் டிக்கெட். கல்யாணமாகாத பெண்கள் தனியாகக் கிளம்பியது இதனால்தான். ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்து ஆண்கள் முன்னால் போய்ப் பெண்களை வரவழைத்தார்கள். இங்கே அக்கா முன்னால் போய்த் தங்கைக்கு டிக்கெட் அனுப்புவாள், தங்கை அடுத்தவளுக்கு அனுப்புவாள். நூற்றாண்டின் கடைசியில் போனவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

மூன்றாவது எல்லிஸ் தீவு, நியூயார்க் துறைமுகத்துக் குடியேறிகள் நிலையம். 1892 ஜனவரி 1ல் திறந்தது. நான்காவது 1924 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. நாட்டுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு வந்து, சோதனையெல்லாம் கிளம்பும் ஊரிலேயே, தூதரகத்தில் முடிந்துவிடும். ‘புரூக்ளின்’ இந்த நாலாம் வாசலைச் சேர்ந்தது. அதன் கதாநாயகி ஏலிஷுக்கு விசா அவ்வளவு லேசாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 1950களில் ஐரிஷ் ஒதுக்கீட்டில் இடம் மிச்சம் இருந்தது. வேலையும் தங்குமிடமும் உறுதி சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஃபாதர் ஃப்ளட்.

சலவைக்கல்:
வாசல் கணக்கு சரி. ஆனால் இந்த நாவல்களை எடை போட என் தராசு வேறு. கதாநாயகி எதில் சம்பாதிக்கிறாள், எவ்வளவு மிஞ்சுகிறது, எந்த நாள் லீவு, காசு யார் கைக்குப் போகிறது? இந்த நாலுக்கும் நாவலில் பதில் இருந்தால் ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்திருக்கிறார். காதலை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் பாதி நாவல் கண்ணில் படாது.

1900 வாக்கில் வேலை பார்த்த அயர்லாந்துப் பெண்களில் பாதிக்கு மேல் வீட்டு வேலை. இத்தாலி, யூதப் பெண்கள் பெரும்பாலும் தையல் பட்டறைக்குப் போனார்கள், இல்லையென்றால் துணியை வீட்டுக்கு வாங்கி வந்து தைத்தார்கள். ஐரிஷ் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியும், பெரும்பாலும் தனி ஆள். வீட்டோடு தங்கினால் வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை, சம்பளம் முழுசாக மிஞ்சும். மிஞ்சியது ஊருக்குப் போகும், சேமிப்பு வங்கிக்குப் போகும், கோயில் உண்டியலுக்குப் போகும். நியூயார்க்கில் 1850ல் குடியேறிகளுக்காகவே தொடங்கிய எமிக்ரண்ட் சேமிப்பு வங்கியின் பழைய பேரேடுகளில் பிறந்த ஊர், வந்த கப்பல், அப்பா அம்மா பெயர் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். கணக்கு வைத்திருந்தவர்களில் வேலைக்காரப் பெண்கள் ஏராளம்.

அந்த வீட்டு வேலைக்குள்ளேயே ஒரு ஏணி உண்டு. மேல் படியில் சமையல்காரி, அடியில் துணி துவைப்பவள். இந்த ஏணியை நன்றாகக் காட்டுகிற நாவல் மேரி பெத் கீனின் ‘ஃபீவர்’ (2013). ‘டைஃபாய்டு மேரி’ என்று உலகம் ஏசிய மேரி மாலனின் கதை. டைரோன் மாவட்டத்துக் குக்ஸ்டவுனில் 1869ல் பிறந்தவள். தனக்கு நோய் தெரியாது, ஆனால் உடம்பில் கிருமி உண்டு. 1906 கோடையில் அவள் சமைத்துப் போட்ட ஆய்ஸ்டர் பே வீட்டில் 11 பேரில் 6 பேர் படுத்தார்கள். சூடான சாப்பாட்டில் கிருமி செத்துவிடும். சந்தேகம் விழுந்தது அவள் கைப்பட நறுக்கிப் போட்ட பீச் பழ ஐஸ்கிரீம் மேல்தான், அது அடுப்பேறவே இல்லை. 1907ல் பிடித்து நார்த் பிரதர் தீவில் வைத்தார்கள். 1910ல் இனிமேல் சமைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். வெளியே அவளுக்குக் கிடைத்தது சலவை வேலை. மேல் படியிலிருந்து அடிப்படிக்கு ஒரே தள்ளு. திரும்பவும் ஏன் கரண்டி எடுத்தாள் என்பதற்கு நாவல் தரும் விடை இந்தச் சரிவில்தான் இருக்கிறது.

இரண்டாம் வாசிப்பு:
அக்கா, ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. 1907ல் அவளுக்குத் தெரியாது, சரி. 1915ல்? மேரி பிரவுன் என்று பெயரை மாற்றிக்கொண்டு பிரசவ ஆஸ்பத்திரியில் சமைத்தாள். 25 பேருக்கு நோய், 2 பேர் சாவு. அதன்பிறகு 1938ல் சாகும்வரை தீவில்தான். கீன் இந்த இரண்டாம் பாகத்தில் கொஞ்சம் மெத்தை போட்டு விடுகிறார் என்பது என் குறை.

சலவைக்கல்:
மெத்தை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குள் அவள் கால் வைக்கும்போது தன்னையே ஏமாற்றிக்கொள்கிற கணக்கை ஆசிரியர் மறைக்கவில்லை. இதை எடுத்தால் ஏழு பேருக்குள் சண்டை நிச்சயம். வட்டத்துக்கு அதுதானே வேண்டும்.

பழைய பேப்பர்:
என் கேள்வி வேறு. ‘புரூக்ளின்’ ஏன் இவ்வளவு கொண்டாடப்படுகிறது? ஏலிஷ் ஒரு முடிவும் தானாக எடுப்பதில்லை. அக்கா ரோஸ் அனுப்புகிறாள், போகிறாள். டோனி கல்யாணம் கேட்கிறான், பண்ணிக்கொள்கிறாள். ஊருக்கு வந்தால் ஜிம்மோடு சுற்றுகிறாள். கடைசியில் மளிகைக்கடை மிஸ் கெல்லி மிரட்டினால் பெட்டி கட்டுகிறாள். தண்ணீரில் போட்ட கட்டை மாதிரி ஒரு கதாநாயகி.

இரண்டாம் வாசிப்பு:
கட்டை மாதிரிதான் தெரியும், டோபீன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அவள் சொல்லாமல் விடுவதைப் படிக்க வேண்டும். இரண்டு இடத்தை மட்டும் திரும்பப் புரட்டிப் பாருங்கள்.

ஒன்று, கப்பல். மூன்றாம் வகுப்பில் இரண்டு அறைக்கு நடுவே ஒரே கழிப்பறை, இரு பக்கமும் கதவு. கடல் கொந்தளிக்கும் ராத்திரியில் பக்கத்து அறைக்காரர்கள் உள்ளே தாழ் போட்டுவிடுகிறார்கள். ஏலிஷுக்கு வயிறு கலக்கி வாந்தி, ஒதுங்க இடமில்லை. கூட இருக்கும் ஜார்ஜினா பழம் தின்று கொட்டை போட்டவள். அந்தப் பூட்டைத் திறந்து, அடுத்த முறை தங்கள் பக்கத்தில் வழியை அடைத்துவிடுகிறாள். எதிராளி பேரத்துக்கு வந்தாக வேண்டும். இறங்கும் முன்னால் அவளே ஏலிஷுக்கு முகத்தைத் திருத்தி, அதிகாரிகள் முன்னால் எப்படி நிற்பது என்றும் சொல்லித் தருகிறாள். அமெரிக்காவில் தேவைப்படும் பாடம் முழுவதும் ஒரு கழிப்பறைக் கதவில் முடிந்துவிட்டது. சுதந்திர தேவி சிலையைப் பார்த்துக் கண்ணீர் விடும் காட்சிகளோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஃபுல்டன் தெருவில் பார்ட்டோச்சி துணிக்கடை. கறுப்பினப் பெண்களுக்கும் பொருந்தும் நிறத்தில் காலுறை விற்கப்போகிறோம், கவுண்டருக்கு நீ வா என்கிறார்கள். ஏலிஷ் போகிறாள். வந்த பெண்கள் அளந்து மரியாதையாகப் பேசுகிறார்கள். மற்ற கவுண்டர்களில் சத்தம் குறைகிறது. ராத்திரி விடுதிச் சாப்பாட்டு மேசையில் சக ஐரிஷ் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏலிஷ் நீட்டி முழக்கி எதுவும் சொல்வதில்லை. ஆனால் யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைக் கணக்குப் பேரேடு எழுதுகிற மாதிரி குறித்துக்கொள்கிறாள். இரவு வகுப்பில் கணக்குப் பதிவு படிக்கிறவள் அவள். டோபீன் அந்தப் படிப்பைச் சும்மா வைக்கவில்லை.

மிஸ் கெல்லி விஷயத்துக்கு வருகிறேன். (ஸ்பாய்லர்.) புரூக்ளின் விடுதிக்காரி மிஸஸ் கெஹோ மிஸ் கெல்லியின் உறவுக்காரி. என்னிஸ்கார்த்தி மளிகைக்கடையில் ஆள் பார்த்துப் பொட்டலம் கட்டும் பெண்ணின் கண், புரூக்ளின் விடுதி வரைக்கும் எட்டுகிறது. ஊரை விட்டுப் போனாலும் ஊர் விடாது. மிரட்டல் வந்த பிறகு ஏலிஷ் தன் கல்யாணத்தை அம்மாவிடம் தானே சொல்கிறாள். அந்த இடத்தை மறுபடி படித்துவிட்டுக் கட்டையா என்று சொல்லுங்கள்.

மொட்டைமாடி:
படமும் (2015) பார்க்கலாமா? சேர்ஷா ரோனன் நடித்தது.

இரண்டாம் வாசிப்பு:
நாவலுக்குப் பிறகு பாருங்கள். முடிவு வேறு. நாவல் ரயிலில் நிற்கிறது. அம்மா ஜிம்மிடம் என்ன சொல்வாள் என்று அவள் நினைத்துப் பார்ப்பதோடு சரி. படத்தில் டோனியிடம் போய்ச் சேர்ந்து கட்டிக்கொள்கிறாள். திரைக்கதை நிக் ஹார்ன்பி. படமாக நல்ல முடிவு, ஆனால் நாவலின் கசப்பைத் துடைத்துவிட்டது.

கப்பல்கூலி:
சறுக்கல்களைக் கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்த வகை நாவல்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை.

துறைமுகத்தின் பெயர். கார்க் மாவட்டத்து ‘கோவ்’ 1849ல் விக்டோரியா மகாராணி வந்துபோன பிறகு குயின்ஸ்டவுன் ஆனது. 1920ல் திரும்பவும் கோவ். 1847 கதையில் “குயின்ஸ்டவுனில் கப்பலேறினாள்” என்று வந்தால் அட்டையை மூடிவிட வேண்டாம், ஆனால் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லிஸ் தீவு. 1892க்கு முன்னால் அங்கே குடியேறிகள் யாரும் இறங்கவில்லை. மரக் கட்டடம் 1897 ஜூனில் எரிந்துபோய், 1900 டிசம்பரில்தான் இப்போது படத்தில் பார்க்கும் செங்கல் கட்டடம் திறந்தார்கள். ஆக 1898ல் வருகிறவள் அந்தப் பெரிய ஹாலில் வரிசையில் நிற்க முடியாது.

பெயர் மாற்றம். “தீவில் அதிகாரி என் பெயரை மாற்றி எழுதிவிட்டான்” என்பது நாவலாசிரியர்களுக்கு ரொம்பப் பிடித்த காட்சி. நடைமுறையில் அதிகாரி கையில் இருந்தது கப்பல் நிறுவனம் புறப்படும் இடத்திலேயே தயாரித்த பட்டியல். அவர் அதைப் பார்த்துச் சரிபார்ப்பார், புதிதாக எழுதமாட்டார். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிறகு, தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள். ‘பிரிட்ஜெட்’ என்ற பெயரே வேலைக்காரி என்று கேலிப்பொருளானதால் டெலியா, பெர்த்தா என்று ஆனவர்கள் உண்டு.

கேள்விகளும் சாக்கட்டிக் குறியும். 1893 சட்டப்படி டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுத்தது, கையில் 30 டாலருக்கு மேல் இருக்கிறதா, யாரிடம் போகிறாய் என்றெல்லாம் பட்டியலில் பதில் இருக்க வேண்டும். மருத்துவர் சந்தேகப்பட்டால் சட்டையில் சாக்கட்டியால் எழுத்துப் போடுவார்: கண்ணுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, நொண்டினால் ஒன்று. இதெல்லாம் கீழ்த்தட்டுப் பயணிகளுக்குத்தான். முதல், இரண்டாம் வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். தனியாக வந்த பெண்ணை அழைத்துப்போக ஆள் வரவில்லையென்றால் வெளியே விட மாட்டார்கள். சும்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கும் கதாநாயகி சந்தேகத்துக்குரியவள். இப்படிப்பட்ட பெண்களுக்காகவே 1883ல் காஸில் கார்டனில் ஃபாதர் ஜான் ரியோர்டன் செபமாலை மாதா பெயரில் ஒரு இல்லம் தொடங்கினார். பின்னால் ஸ்டேட் தெரு 7ஆம் எண் வீட்டில் நடந்தது. தங்க இடம், வேலை, உறவினருக்குத் தந்தி. நாவலாசிரியர்கள் இதை அதிகம் பயன்படுத்தாதது எனக்கு ஆச்சரியம்தான்.

சாப்பாடு. அயர்லாந்துக் கிராமத்து அடுப்பில் பண்டிகைக்குச் சோள்டு பீஃப் வேகிறதென்றால் ஆசிரியர் அமெரிக்கா. ஊரில் முட்டைக்கோஸோடு வெந்தது பன்றிக்கறி. உப்புக்கண்ட மாட்டுக்கறி நியூயார்க்கில் யூதக் கசாப்புக்கடையில் மலிவாகக் கிடைத்துப் பழக்கத்துக்கு வந்தது.

கப்பல்கூலி:
திருத்தம்: மேலே “சோள்டு பீஃப்” என்று விழுந்திருக்கிறது, கார்ன்டு பீஃப் என்று படிக்கவும்.

பழைய பேப்பர்:
தீவில் முதலில் இறங்கியதே ஓர் ஐரிஷ் பெண்தானே, ஆனி மூர். அவளைப் பற்றிய நாவல் எடுக்கலாமா?

கப்பல்கூலி:
அவள் கதையிலேயே பெரிய சறுக்கல் இருக்கிறது. கார்க் மாவட்டத்துக்காரி. ‘நெவாடா’ கப்பலில் இரண்டு தம்பிகளோடு வந்து, 1892 ஜனவரி 1ல் முதல் ஆளாகப் பதிவானாள். பத்து டாலர் தங்க நாணயம் கொடுத்தார்கள். பத்திரிகைகள் 15 வயது என்றன, உண்மையில் 17. அதன்பிறகு அவள் டெக்சாஸ் போய் அங்கே செத்தாள் என்று பல வருஷம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது வேறு ஆனி மூர். 2006ல்தான் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் கண்டுபிடித்துச் சொன்னார்: உண்மையான ஆனி மன்ஹாட்டன் லோயர் ஈஸ்ட் சைடை விட்டு எங்கேயும் போகவில்லை, ஜெர்மானியக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு 1924ல் அங்கேயே செத்திருக்கிறாள். மேற்கே போய் வெற்றி பெற்ற ஆனி என்று எங்கேயாவது வந்தால் பழைய தகவலை நம்பி எழுதியது என்று அர்த்தம்.

பழைய பேப்பர்:
“ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்” போர்டு? அது கட்டுக்கதை என்று எங்கேயோ படித்தேன்.

சலவைக்கல்:
கட்டுக்கதை என்று 2002ல் ரிச்சர்ட் ஜென்சன் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். 2015ல் ரெபேக்கா ஃப்ரீட் என்ற பள்ளி மாணவி பழைய பத்திரிகைகளைத் துழாவி விளம்பரம் விளம்பரமாக எடுத்துப் போட்டு அதே ஆய்விதழில் பதில் கொடுத்தார். விளம்பரங்கள் உண்மை. அதில் நிறைய வீட்டு வேலைக்கான சின்ன வரி விளம்பரங்கள். ஆக நாவலில் கதாநாயகி பேப்பரில் அந்த வரியைப் பார்த்தால் சரி. தெருவுக்குத் தெரு கடை வாசலில் பலகை தொங்கினால் மிகை.

மடத்துத்தெரு:
இங்கே ஆலிஸ் மெக்டெர்மட்டின் ‘தி நைன்த் அவர்’ (2017) பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! இந்தப் பட்டியலிலேயே முதலில் வர வேண்டியது அது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம், புரூக்ளின். ரயில் வேலையை இழந்த ஜிம் வீட்டில் எரிவாயுவைத் திறந்துவிட்டு உயிரை விடுகிறான். கர்ப்பிணி மனைவி ஆனி நடுத்தெருவில் நிற்கிறாள். வயதான சிஸ்டர் செயின்ட் சேவியர் உள்ளே வருகிறார். தற்கொலை என்று பேப்பரில் வந்துவிட்டால் கத்தோலிக்கக் கல்லறையில் இடம் கிடைக்காது. அதை மூடி மறைக்க அந்தக் கன்னியாஸ்திரி ஒரு ராத்திரிக்குள் என்னென்ன பண்ணிப் பார்க்கிறார் என்பதே ஒரு தனிக்கதை. முடியவில்லை. ஆனிக்கு மடத்து நிலவறையில் சலவை வேலை கிடைக்கிறது. சிஸ்டர் இல்லுமினாட்டாவின் இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் சாலி என்கிற குழந்தை வளர்கிறது. சலவைக்கல் அக்காவின் நாலு கேள்விக்கும் இதில் பதில் உண்டு. அடிப்படி வேலை எப்படி ஒரு பெண்ணுக்குக் கோட்டையாகவும் ஆகிறது என்பதற்கு ‘ஃபீவ’ரோடு சேர்த்துப் படித்தால் நல்ல ஜோடி.

நம் வட்டத்தில் இதைத் தமிழில் சுருக்கிச் சொல்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தலைப்பை “ஒன்பது மணி” என்று சொல்லாதீர்கள், காலை ஒன்பது என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய விவிலியத்தில் “ஒன்பதாம் மணி நேரம்” என்றே இருக்கிறது. பிற்பகல் மூன்று, இயேசு சிலுவையில் கூப்பிடும் வேளை. மடத்தில் அந்த நேரத்துக்கு ஒரு செபமும் உண்டு. அதே மாதிரி, ‘மாஸ்’ என்பதற்குப் பூசை, ‘பாரிஷ்’ என்பதற்குப் பங்கு, பாவசங்கீர்த்தனம், கன்னியர் மடம் என்று நம் கோயில் பேச்சிலேயே எல்லாம் இருக்கிறது. அகராதி பார்த்துப் புதிதாக உருவாக்க வேண்டாம்.

கஷ்டமான சொல் ‘அமெரிக்கன் வேக்’. பெண் கப்பலேறும் முதல் நாள் ராத்திரி உறவு ஜனம் கூடி, குடித்து, பாடி, ஆடி, விடியற்காலையில் ஒப்பாரி வைப்பார்கள். போனவள் திரும்ப மாட்டாள் என்பதால் சாவு வீட்டுச் சடங்கே. “விழிப்பு இரவு” என்று போட்டால் சிவராத்திரி மாதிரி ஆகிவிடும். “அமெரிக்க இழவு” என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. தென் மாவட்டத்துக்காரர்கள் “கேதம்” என்றால் இன்னும் நெருங்கும்.

பெயர்கள்: ஏலிஷ் (எய்லிஸ் இல்லை), கெஹோ எழுத்தில் அப்படி இருந்தாலும் வாயில் கியோ. டன் லியரி துறைமுகம். ‘டாட்க்’ என்று எழுதியிருக்கும் ஆண் பெயர் வாயில் டைக்.

மொட்டைமாடி:
டைக் எந்த நாவலில் வருகிறான்?

மடத்துத்தெரு:
செபாஸ்டியன் பாரியின் ‘ஆன் கேனன்ஸ் சைட்’ (2011). லில்லி பியர், 89 வயது, பணக்காரர்கள் வாழும் ஹாம்ப்டன்ஸ் பக்கம் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பேரன் பில் இறந்துவிட்டான். “பில் இல்லாத முதல் நாள்” என்று தொடங்கி நாள் கணக்கில் எழுதிக்கொண்டு போகிறாள். பிழைப்புத் தேடி வந்தவள் இல்லை, உயிர் தப்பி ஓடிவந்தவள். விடுதலைப் போர்க் காலத்தில் அப்பா டப்ளின் போலீஸ், காதலன் டைக் ஆங்கிலேயர் பக்கப் போலீஸ் படை. லில்லி, டைக் இருவர் மேலும் கொலைத் தீர்ப்பு விழுகிறது. அது சிகாகோ வரைக்கும் பின்னாலேயே வருகிறது.

பழைய பேப்பர்:
பாரியின் மொழி எனக்கு ஒத்துவரவில்லை. சமையல்காரப் பாட்டி ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று உவமை போடுகிறாள்.

மடத்துத்தெரு:
ஒரே மூச்சில் படித்தால் திகட்டும்தான். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சலவைக்கல்:
வெகுஜன ரகத்தையும் சொல்லிவிடலாம், மூன்று வரியில். மேரி பாட் கெல்லியின் ‘கால்வே பே’ (2009): பஞ்சம் முதல் சிகாகோ வரை, ஐந்நூறு பக்கத்துக்கு மேல். கால்வே கரையில் ஐரிஷ் மொழிதான் புழங்கியது என்பதை மறக்காமல் எழுதியிருக்கிறார், தாராளமாகப் படிக்கலாம். கேட் கெரிகனின் ‘எல்லிஸ் ஐலண்ட்’ முத்தொகுதியின் முதல் பாகம்: ஊரில் அடிபட்டுக் கிடக்கும் கணவனின் ஆபரேஷனுக்குக் காசு சேர்க்க எல்லி நியூயார்க் போகிறாள். காசு எதற்கு என்பது தெளிவாக இருப்பதால் கதை நிற்கிறது. மேரி பெனடிக்டின் ‘கார்னகீஸ் மெய்ட்’ (2018): ஆண்ட்ரூ கார்னகி தர்மம் செய்யத் தொடங்கியதற்கு ஓர் ஐரிஷ் வேலைக்காரிதான் காரணம் என்கிற கற்பனை. பிட்ஸ்பர்க் விவரங்கள் பரவாயில்லை. ஆனால் எஜமானிக்கு உடை மாட்டிவிடும் பெண்ணுக்குத் தொழிலதிபரோடு பங்குச் சந்தை பேச இவ்வளவு நேரம் எங்கே கிடைத்தது? வியாழன் மதியமும் ஒன்றுவிட்ட ஞாயிறும்தான் வழக்கமான லீவு.

நாவல் இல்லை என்றாலும் மேவ் பிரென்னனின் ‘தி ரோஸ் கார்டன்’ தொகுப்பில் ஹெர்பர்ட்ஸ் ரிட்ரீட் கதைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பணக்காரக் குடியிருப்பின் சமையலறையில் ஐரிஷ் வேலைக்காரிகள் உட்கார்ந்து எஜமானர்களை உரித்துப் போடுவார்கள். மேலே உள்ள கண்ணீர் எல்லாவற்றுக்கும் மாற்று மருந்து.

இரண்டாம் வாசிப்பு:
எட்டு வாரத்துக்கு என் வரிசை: ‘தி நைன்த் அவர்’ இரண்டு வாரம், ‘ஃபீவர்’ இரண்டரை, ‘ஆன் கேனன்ஸ் சைட்’ இரண்டரை. மிச்சம் ஒரு வாரம் பிரென்னன் கதைகள். ‘ஸ்டார் ஆஃப் தி ஸீ’யை இதில் திணிக்க வேண்டாம். பல குரல், கடிதம், பத்திரிகைத் துணுக்கு என்று பின்னியது, தனியாக ஒரு மாதம் கேட்கும். சலவை, சமையல், ஓய்வு பெற்ற சமையல்காரி என்று ஒரு கோடும் கிடைக்கும்.

மொட்டைமாடி:
அருமை, இப்படியே எடுத்துக்கொள்கிறோம். ‘புரூக்ளின்’ தொடர்ச்சி ‘லாங் ஐலண்ட்’ (2024) என்று ஒன்று இருக்கிறதே, அது வேண்டாமா?

இரண்டாம் வாசிப்பு:
எட்டு வாரம் முடிந்த பிறகு. 1976ல் நடக்கிறது. முதல் காட்சியிலேயே ஓர் ஐரிஷ்காரன் கதவைத் தட்டி, என் மனைவி வயிற்றில் இருப்பது உன் புருஷன் பிள்ளை, பிறந்ததும் உன் வாசலில் போட்டுவிட்டுப் போவேன் என்கிறான். எல்லா விமர்சனத்திலும் இது இருப்பதால் ஸ்பாய்லர் என்று சொல்ல முடியாது. ஆனால் என்னிஸ்கார்த்திக்கு அவள் திரும்பிப்போன பிறகு பழைய தோழி நான்சியும் ஜிம்மும் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று பின்னட்டை உளறிவிடும். அட்டைக்கு உறை போட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மடத்துத்தெரு:
இன்னொன்று. ‘தி நைன்த் அவர்’ முதல் அத்தியாயத்திலேயே தற்கொலை விரிவாக வருகிறது. வட்டத்தில் அது ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்கள் சிஸ்டர் உள்ளே நுழையும் இடத்திலிருந்து தொடங்கினாலும் கதை புரியும்.